நீர் சுமப்பவர்களின் பச்சை அங்கி

சுசீலா அக்கா போய்விட்டார் என்ற செய்தி கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வந்தது. என் போர்டு கடை வாசலில் இறங்கிய கண்டக்டர், "டெலிபோன் ஆபீஸ் அம்மா தவறிட்டாங்கண்ணே" என்றார். எழுதிக்கொண்டிருந்த ஓட்டல் பலகையில் கடைசி எழுத்தை முடித்துவிட்டுத்தான் பிரஷைக் கழுவினேன்.

ஊருக்கு அவர் டெலிபோன் ஆபரேட்டர். கள்ளக்குறிச்சியில் ஒரு காலத்தில் வந்த மாத இதழைப் படித்தவர்களுக்கு, முகில்நாடு என்ற தொடர்கதையைப் படைத்தவர். உங்களில் சிலருக்கு அந்தத் தொடர் நினைவிருக்கும். அதன் படங்கள் என்னுடையவை. கல்வராயன் போல ஒரு மலை, மழையை வணங்கும் ஒரு மதம், அதில் மூன்று மடங்கள்: வானம் பார்ப்பவர்கள், நீர் சுமப்பவர்கள், பேசா நோன்பிகள். "சாமியே இல்லாம மதமாக்கா?" என்று கேட்டேன். "மழ இல்லன்னா சாமியத்தான திட்றோம். நேரா மழையவே கும்பிட்டுக்கினு போவட்டும்" என்றார்.

அப்புறம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மை ஏற்றி வந்த லாரி வழியிலேயே நின்றுவிட்டது. நீர் சுமப்பவர்களுக்கு நான் சிவப்பு அங்கி போட்டிருந்தேன். சிவப்பு மை தீர்ந்திருந்ததால், கையிலிருந்த பச்சையில் அட்டையை அடித்துவிட்டார் இதழாசிரியர். மறியலில் நின்ற ஒரு சங்கத்தின் கொடியும் பச்சை. ஓர் ஊரில் அந்த அட்டையைக் கிழித்தெடுத்து டீக்கடையில் பெருமையாக ஒட்டினார்கள். அந்தச் சங்கத்தைப் பிடிக்காத பக்கத்து ஊரிலிருந்து இதழ்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. "எங்க ஆளுங்க எந்த மடம்?" என்று ஆபீசுக்கே போன் வந்தது. அக்கா "லைன் பிசி" என்று சொல்லி வைத்துவிடுவார்.

இதழாசிரியர் என்னையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார்.

"அடுத்த மாசமே அந்தப் பச்ச மடத்த சாவடிச்சிடுங்கம்மா. இல்லன்னா தொடர நிறுத்திக்க வேண்டியதுதான்."

அந்தத் தொடர்தான் அக்காவுக்கு எல்லாம். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். "மைதான சார் தீந்துபோச்சி? அதுக்கு ஆளுங்கள எதுக்கு சாவடிக்கணும்?" என்றார்.

அடுத்த அத்தியாயத்தில் யாரும் சாகவில்லை. முதல் மழையன்று மூன்று மடத்தாரும் ஒரே குளத்தில் அங்கிகளைத் துவைத்து, ஒரே கொடியில் உலர்த்துகிறார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கைக்குக் கிடைத்ததை எடுத்து உடுத்துகிறார்கள். எது கிடைத்ததோ, அடுத்த மழை வரைக்கும் அதுதான் மடம். பேசா நோன்பி வானம் பார்க்கிறார். வானம் பார்த்தவர் குடம் தூக்குகிறார்.

இதழாசிரியர் பெருமூச்சு விட்டபடி அதை அச்சிட்டார். இரண்டு ஊரும் இதழை வாங்கவில்லை. அந்த வருடத்தில் அவை ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தொடர் நின்றது. அக்கா பிறகு எதையும் எழுதவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அவரோ, "எந்த மடம்னு கேட்டா இன்னா வேலன்னு சொல்லு தம்பி. மடம் அடுத்த மழையில மாறிப்பூடும்" என்று சிரிப்பார்.

சாவு வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அம்மாவுக்கு ஒறவா? இன்னா ஆளுங்க?"

"அவங்க கதைக்குப் படம் போடறவன்" என்றேன்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தப் பதில்தான். 'போட்டவன்' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.