அம்சவேணி ஓடிய இருபத்தாறு மைல்

பெரிய காஞ்சிபுரத்தில் தன் தெருவுக்குள்ளேயே அம்சவேணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'ஓடிவந்தவ' என்றால்தான் தெரியும். ஐயம்பேட்டையில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் நமச்சிவாயத்தின் அடி தாங்காமல் ஒரு மத்தியானம் கட்டிய புடவையோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்கு நின்றால் வந்து பிடித்துவிடுவான் என்று ரோட்டோரமாகவே ஓடினாள். பாதி வழியில் பயம் தெளிந்துவிட்டது. ஆனாலும் அவள் நடக்கவில்லை. ஓடுவது பிடித்திருந்தது.

அதன்பின் பகலெல்லாம் பட்டு நூல் இழைத்தாள். விடிவதற்கு முன்னால் வேகவதி ஆற்று மணலில் ஓடினாள். அம்மா கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, பேய் பிடிச்சாப்பல ஓடிக்கினு? நாலு பேரு இன்னா நினைப்பாங்க?"

"அவங்க நினைக்கறதெல்லாம் எப்பவோ நினைச்சு முடிச்சுட்டாங்கம்மா."

சுதந்திரத்தின் வெள்ளி விழா வந்தது. ஊரில் இருந்த ஒரு விளையாட்டுச் சங்கம் மாரத்தான் ஓட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியது. சன்னதித் தெருவில் தொடங்கி, ஐயம்பேட்டை வழியாக வாலாஜாபாத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். இருபத்தாறு மைல். சங்கத்தின் செயலாளர் கோதண்டபாணிக்கு ஜவுளிக்கடை. அம்சவேணி நேரே கடைக்குப் போய், தன் பேரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பொம்பளைங்களுக்கு லெமன் ஸ்பூன் வெச்சிருக்கோம்மா. அதுல சேர்ந்துக்கோ."

"எனக்கு எலுமிச்சம்பழம் வோணாம், சார். ரோடு போதும்."

அவர் நம்பர் அட்டை தரவில்லை. போட்டியன்று காலையில் அவள் அட்டை இல்லாமலேயே வந்து, ஆண்களுக்குப் பின்னால் கடைசியாக நின்றாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். காலில் ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் தொடங்க வேண்டிய ஓட்டம், கொடியேற்ற வேண்டியவர் தாமதமாக வந்ததால் வெயில் ஏறிய பிறகுதான் தொடங்கியது. முந்தின நாள் பெய்த மழை ரோட்டிலிருந்து ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. காற்று அசையவில்லை. இட்லிப் பானைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது ஒவ்வொரு மூச்சும். வியர்வை காயாமல் கண்ணில் இறங்கி எரிந்தது. முன்னால் பாய்ந்து போன கல்லூரிப் பையன்கள் ஐயம்பேட்டை வருவதற்குள்ளாகவே புளியமரத்தடிகளில் உட்கார ஆரம்பித்தார்கள். அம்சவேணி ஒரே சீராக அவர்களைக் கடந்து போனாள். வழியில் வயல் கிணற்று பம்ப்செட்டைப் பார்த்தால் இறங்கித் தலையை நனைத்துக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு ஏறினாள்.

வாலாஜாபாத்தைத் தாண்டித் திரும்பிய இடத்தில் ஜீப் ஒன்று அவள் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே மயங்கிக் கிடந்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள். கோதண்டபாணி வேர்த்து விறுவிறுத்து எட்டிப் பார்த்தார்.

"போட்டி ரத்து ஆயிடுச்சும்மா! எல்லாரையும் ஏத்திட்டோம். நீயும் ஏறு."

அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஜீப் கூடவே ஊர்ந்தது.

"எந்தப் போட்டி சார்?"

"இன்னாம்மா கேள்வி இது? இந்தப் போட்டிதான்!"

"அதுல நான் இல்லியே. நீங்கதான் சேத்துக்கலையே. என்னை எப்படி ரத்து பண்ணுவீங்க?"

அவர் டிரைவரின் தோளைத் தட்டினார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் ரோட்டில் அவள் மட்டும்தான்.

ஐயம்பேட்டை டீக்கடை எதிரே நமச்சிவாயம் நின்றிருந்தான். போகும்போதே அவளைப் பார்த்துவிட்ட யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். ரோட்டின் நடுவே வந்து கையை விரித்து மறித்தான்.

"மானத்தை வாங்கறியாடி? வூட்டுக்கு நட!"

"வழி வுடு."

முழங்கையை எட்டிப் பிடித்தான். பழைய பிடிதான். ஆனால் கை முழுக்க வியர்வை. ஒரு இழுப்பில் அவன் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. டீக்கடையில் ஒருவர் சிரித்தார். நமச்சிவாயம் சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அவள் தூரம் போய்விட்டாள்.

கடைசி மைல்களில் அவளுக்குக் காது அடைத்துவிட்டது. தார் உருகிய இடங்களில் உள்ளங்கால் ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது. நின்றால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது; நிற்காமல் வந்தாள். சன்னதித் தெருவில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாடா இல்லை, மைக் இல்லை. மூங்கிலைத் தோளில் வைத்திருந்தவர்கள் மட்டும் அப்படியே ஒதுங்கி வழி விட்டார்கள். கிருஷ்ணம்மாள் ஒரு குடத்தோடு நின்றிருந்தாள். மகள் தலையில் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, கோதண்டபாணி ஒரு ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சங்கத்தோட ஆறுதல் பரிசும்மா."

காலில் மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருந்த அம்சவேணி கேட்டாள்: "முழுசா ஓடி முடிச்சவங்க எத்தினி பேரு சார்?"

"நீ ஒருத்திதான்."

"அப்ப மொதல் பரிசுன்னு சொல்லிக் குடுங்க."

"அது எப்படிம்மா..."

"அப்ப எடுத்துக்கினு போங்க. எனக்கு இன்னா ஆறுதல் வேண்டிக் கெடக்குது?"

அவர் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் சங்கம் ஓட்டப் பந்தயமே வைக்கவில்லை. அம்சவேணி அதே தேதியில், அதே ரோட்டில் தனியாகக் கிளம்பினாள். நூல் இழைக்கும் பெண்கள் இரண்டு பேர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, வழியில் இருக்கும் முத்தியால்பேட்டை வரை அவளோடு ஓடினார்கள்.