எதிர்வீட்டுப் பிள்ளை பிடித்த நெய்ப்பந்தம்

இந்த நாட்டில் பெற்ற பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பவும் ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழக விடுதி. பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைக்காலப் பொறியியல் பயிற்சிக்காக என் மகள் அகிலா அங்கே தங்கியிருந்தாள். விடிந்தும் விடியாமலும் போய் நின்றேன். ராஜபாளையத்தில் என் அப்பா இறந்துவிட்டார், மகளைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்பு மேசையில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கண்கள் கலங்கின. “மிகவும் வருந்துகிறேன். உங்கள் மகளும் தாத்தாவும் நெருக்கமா?” என்று கேட்டாள். எழுப்பலாமா என்று முடிவுசெய்ய அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி. தாத்தா என்றால் தாத்தாதான். ஆனாலும் அகிலா அவரை நேரில் பார்த்தது மூன்றே முறை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் “சாப்டீங்களா தாத்தா?” என்பாள். “சாப்பிட்டேன் தாயி” என்பார். அதற்குமேல் பேச்சு ஓடாது. அன்று காலை, அவளுடைய குழு மெல்லிய மரக்குச்சிகளால் கட்டிய பாலத்தில் எடை ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள். வாரம் முழுக்க அதே பேச்சு. எழுப்பினால் அந்த நாள் அவளுக்குப் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்று காருக்குத் திரும்பினேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பொறியியல் படித்தபோது, சுந்தரபாண்டியத்தில் பெரியப்பா இறந்த அன்று எனக்குத் தேர்வு. அப்பா விடுதி வாசலில் வந்து நின்றார். “பெரியப்பா போயிட்டாருத்தா, கெளம்பு.” வார்டன் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். பேருந்தில் நான் அழுதது தேர்வுக்காக. அப்பாவுக்கு அது தெரிந்தது. “பரீட்சை பொறவும் வரும்” என்று மட்டும் சொன்னார்.

விசா புதுப்பிப்பு நிலுவையில் இருந்ததால், ஊருக்குக் கிளம்பினால் திரும்ப முடியாமல் போகலாம். கணவர் வேலையாக வேறு மாநிலத்தில் இருந்தார். காரில் தனியாக உட்கார்ந்து போனில்தான் அப்பாவைப் பார்த்தேன். அங்கே சாயங்காலம். போனைப் பிடித்திருந்தவன் சித்தப்பா மகன் கண்ணன்.

“எக்கா, பிள்ளைய எழுப்புனியா? பேரம்பேத்திகதான நெய்ப்பந்தம் பிடிக்கணும். பெரியப்பாவுக்கு ஒத்தப் பேத்தி. செத்த நேரம் போன்ல மொகத்தக் காட்டட்டும், அவ பந்தத்த நான் பிடிச்சுக்கிடுதேன்.”

பின்னால் ஒரு பெரியவர் குரல்: “ஏலே, எம்புட்டு நேரம் போனத் தூக்கிட்டு நிப்ப? எடுக்கணும்ல.”

“இருங்க மாமா, அமெரிக்காவுல இப்பத்தான் விடியுது.”

“அவியளுக்கு விடியட்டும்ல. நமக்கு இருட்டப் போகுது.”

விடுதிச் சன்னல்களைப் பார்த்தேன். எல்லாத் திரைகளும் மூடியிருந்தன. “அவளுக்கு இன்னிக்குப் பரீட்சை மாதிரிடா” என்றேன்.

கண்ணன் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “சரிக்கா. எதிர்வீட்டுப் பிள்ளை கையில குடுக்கோம்.”

பெயர் தெரியாத ஒரு சிறுமி, பள்ளிச் சீருடையில், என் அப்பாவைச் சுற்றிப் பந்தம் பிடித்து வந்தாள். படிக்கும் உங்களில் சிலர் என்னைத் திட்டுவீர்கள். திட்டலாம். நான் செய்தது சரியா என்று எனக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்கு, பாலச் சோதனையைப் பார்க்க வந்த மற்றப் பெற்றோர்களோடு கூடத்தில் இருந்தேன். பாலத்தில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மணல் கொட்டினார்கள். நான் நினைத்ததைவிட வெகுநேரம் தாங்கியது. பிறகு நடுவில் ஒரு குச்சி தெறித்து, மொத்தமும் சரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் டிஷ்யூ காகிதத்தை நீட்டி, “நன்றாகத்தான் தாங்கியது” என்றார்.

அகிலா ஓடிவந்தாள். “அய்யோ அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. அது உடையறதுக்குத்தான் கட்டினோம். எவ்வளவு தாங்கும்னு பாக்கத்தான்!” என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள். சாவுச் செய்தி கேட்டதிலிருந்து என்னை யாரும் தொட்டிருக்கவில்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்து நான் என் அப்பாவுக்காக அழுதேன். அவள் பாலத்துக்காக என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.