லைங் தாயாவில் உள்ளே போகாத அறை

1. வண்டி

பர்மாவின் டெல்டாவைப் புயல் அடித்துப்போட்டதற்கு மறு வருட மழைக்காலம். நான் வண்டி எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ஓய்வுபெற்று தின்கன்ஜூன் வீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தொண்டு மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிப்போனார்கள். அவர்களுடைய நடமாடும் மருத்துவ வண்டி லைங் தாயாவில், தொழிற்சாலைத் தெருவில் நகர முடியாமல் நிற்கிறதாம்.

அது வெளிநாட்டில் வசதியான ஓய்வூதியக்காரர்கள் ஊர் சுற்றுவதற்கென்று கட்டிய வீட்டு வண்டி. யாரோ புண்ணியவான் தானம் கொடுக்க, இங்கே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. அதன் பக்கவாட்டில் ஓர் அறை. பட்டனை அழுத்தினால் மேசை டிராயர் மாதிரி வெளியே நீளும். ஸ்லைடு-அவுட் என்பார்கள். அன்று காலையில் நீண்டது, பிறகு உள்ளே போகவில்லை. அறையை நீட்டிக்கொண்டு வண்டியை ஓட்ட முடியாது. கையால் சுழற்றி உள்ளே தள்ளும் கைப்பிடி கப்பலிலேயே காணாமல் போயிருந்தது. தொழிற்சாலை பஸ்கள் வரும் நேரமும் நெருங்கிவிட்டது.

பொறுப்பாளர் டாக்டர் டோ கின் என்ற பெண்மணி, நல்ல மருத்துவர். என்னைப் பார்த்ததும், பெரியவர்களுக்குரிய 'ஊ' சேர்த்து, பர்மியத்தில் ஆரம்பித்தார்.

"ஊ ஜோசப், இந்த மழையில இது மூணாவது தடவை. காசிம் பட்டனை விடாம அழுத்தி அழுத்தியே கெடுக்கிறார். நாளையிலேருந்து வேற டிரைவர் வெச்சுக்கப்போறேன்."

டிரைவர் காசிம் லான்மடாவில் பிறந்த தமிழ் முஸ்லிம். அவரும் பக்கத்தில்தான் நின்றார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சும்மா திட்டு வாங்குகிறவன் முனகவாவது செய்வான்.

2. அளந்தது

எனக்கு முன்னால் வந்தவர்கள் ஒரு புது பேட்டரியும் ஒரு புது ரிலேயும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதையும் அளக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சர்வீஸ்.

பட்டனைத் தொடாதபோது பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். காசிமை அழுத்தச் சொல்லிவிட்டு மோட்டார் முனையில் மீட்டரை வைத்தேன். ஏழுதான். அதே நேரத்தில் பேட்டரி முனையில் பன்னிரண்டு நிற்கிறது. நடுவில் ஐந்து வோல்ட்டை ஏதோ தின்கிறது. இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பாதீர்கள். சும்மா இருக்கும்போது எல்லா வயரும் யோக்கியன்தான். பாசிட்டிவ் பக்கம் பார்த்தேன், பெரிய இழப்பு இல்லை. நெகட்டிவ் பக்கம் பார்த்தேன், அங்கே இருந்தது. எர்த் கோளாறு, கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பிப் போகிற இணைப்பில்.

எர்த் போல்ட் ஓர் அலமாரிக்கு அடியில். அலமாரியின் மேல் சின்னப் புத்தர் சிலை, முன்னால் கண்ணாடிக் குவளையில் பூ.

"அந்த அலமாரித் தட்டைக் கழட்டுங்க காசிம்."

"அங்க வேணாமேண்ணே. வேற எங்கயாச்சும் பாருங்களேன்."

"வேற எங்க பாக்குறது? மீட்டர் இங்கதானே காட்டுது."

"இல்ல, டாக்டரம்மாவோட புத்தர் இருக்காரு."

நானே கழற்றினேன். போல்ட்டோடு இருந்த லக், அதாவது வயர் முனையின் செப்பு வளையம், முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பலகையில் தண்ணீர்க் கறை, காய்ந்த இதழ் ஒன்று.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். "வண்டி குலுங்கும்போது சிந்தும்ணே. தெனம் காலைல அவங்க கையாலதான் தண்ணி மாத்தி வெக்கிறாங்க. அதுனாலதான் கெடுதுன்னு நான் போயி எப்டிச் சொல்றது? உங்க வீட்டு மாதா சிலையப் பத்தி நான் இப்டிச் சொன்னா கேட்டுக்குவீங்களா?"

"கேட்டுக்குவேன்."

"கேட்டுக்குவீங்க. அப்புறம் வீட்டுல உக்காந்து ஒரு மாதிரியா நெனைப்பீங்க. ஆனாதேண்ணே."

ஆனாதே என்ற பர்மியச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடையாது. அடுத்தவர் முகம் வாடிவிடுமே என்று நம் வாயை மூடிக்கொள்வது. இங்கே பிறந்தவர்கள் யாரும், எந்த மதமானாலும், அதற்குத் தப்பவில்லை. காசிம் அதற்காக வேலையையே விடத் தயாராக இருந்தார்.

3. சொன்னது

லக்கை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினேன். அறை முனகிக்கொண்டே உள்ளே போனது. டாக்டர் வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

'கரோஷன்', களிம்பு ஏறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பொய்யில்லை, யாருக்கும் வலிக்காது. ஆனால் அடுத்த மாதம் வண்டி மறுபடியும் நிற்கும். காசிம் அப்போது வேலையில் இருக்க மாட்டார்.

"பூக்குவளைத் தண்ணி, டாக்டர். வண்டி ஓடும்போது சிந்தி எர்த் போல்ட்டுல இறங்குது. பட்டனை அழுத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் குவளையைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

காசிம் கழற்றிய தட்டை எடுத்துத் திருப்பி மாட்டத் தொடங்கினார்.

"நான் திட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே, கோ காசிம்."

'கோ' என்ற மரியாதையோடு அவர் அழைத்து அப்போதுதான் கேட்டேன்.

வண்டி கிளம்பியபோது டாக்டர் முன் இருக்கையில் குவளையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காசிம் பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக் போட்டார். பின்னால் தொழிற்சாலை பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

அதன் பிறகு என்னை எங்கே கூப்பிட்டாலும், மீட்டரை வெளியே எடுப்பதற்கு முன் பொறுப்பாளரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிடுவேன். அந்த இயந்திரத்தோடு தினமும் இருக்கிறவரிடம் தனியாகப் பேசுவேன். எந்த மேனுவலிலும் இந்தப் படி கிடையாது. இதை முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.