செம்மறி, வெள்ளாடு, பசு, தங்கை

2006ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஆவணி, புரட்டாசிப் பக்கங்களை அளவுகோல் வைத்து மூன்று பத்திகளாகப் பிரித்திருக்கிறேன். முதலாவது செம்மறி. இரண்டாவது வெள்ளாடு. மூன்றாவது பசு. புரட்டாசி மூன்றாம் வாரத்தில் மட்டும், பசுவுக்கு அப்பால் இருந்த ஓரத்தில், கையால் இழுத்த ஒரு கோடு இருக்கிறது. அது நேராக இல்லை. அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். அந்த ஆண்டு புதிதாக வந்த டாக்டருக்கு ஒரு கேள்வி இருந்தது. அணைக்கரையில் ஒரே புல்லை மேய்ந்து ஒரே தண்ணீரைக் குடிக்கும் சினை மாட்டுக்கும் சினை ஆட்டுக்கும் குடல்புழு ஒரே அளவில்தான் கெடுதல் செய்கிறதா? ஈனும் நாள் நெருங்க நெருங்க எது முதலில் தளர்கிறது? விடை தேடும் வேலை என்னிடம் வந்தது.

வாரம் ஒருமுறை சாணமும் புழுக்கையும் சேகரிப்பேன். இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, சிறு குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே ஒரு கண்ணாடிச் சில்லை மூடுவேன். புழு முட்டைகள் மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். அதோடு ஒவ்வொரு உருப்படியின் கீழ் இமையையும் கட்டைவிரலால் இழுத்து உள்நிறத்தைக் குறிக்க வேண்டும். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளுப்பு. உள்ளே ரத்தம் குடிக்கும் புழு இருந்தால் இமை வெளுத்துவிடும்.

ஒரு எண்ணிக்கையை நம்ப வேண்டாம், எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் வாரம் ஒன்றாக மூன்று முறை பார்த்த பிறகு மருந்து கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொம்பத் தளர்ந்ததை மட்டும் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். முதல் பாதி எனக்குப் பிடித்துப்போனது. இரண்டாவது பாதியை நான் எழுதி வைக்கவில்லை.

ஆவணி முடிவதற்குள்ளேயே பத்திகள் வேறுபட ஆரம்பித்தன. பசுக்கள் புழுவைச் சுமந்துகொண்டே அசை போட்டன. வெள்ளாடுகள் பின்னங்காலில் நின்று உடைமர இலையைக் கடிப்பவை. வாய் மண்ணுக்கு அதிகம் போவதில்லை என்பதால் தப்பித்தன. செம்மறிகள்தான் தரையோடு தரையாகக் கரம்பி மேய்ந்து, ஈரப் புல்லின் அடியில் இருந்த புழுக்குஞ்சுகளையும் சேர்த்து விழுங்கின. வயிற்றில் குட்டி வளர வளர அவற்றின் எண்ணிக்கை ஏறியது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது.

அவற்றில் ஒன்று, காதில் பிளவுள்ள ஒரு சினை ஆடு. அதை வைத்திருந்த ஆட்டுக்காரர் பெரியவர், நான் கையுறை போட்டு உட்காரும்போதெல்லாம் கேலி பேசுவார்.

“ஊருல எல்லாரும் ஆட்ட எண்ணுவாக. நீங்க புழுக்கைக்குள்ள இருக்கிறத எண்ணுதீக. எண்ணி முடிக்கிற வரைக்கும் ஆடு இருக்குமா தாயி?”

“புதன்கிழமை மூணாவது கணக்கு. அன்னைக்கே மருந்து” என்றேன்.

“ஆட்டுக்குப் புதன், வியாழன் தெரியுமா?”

ஏறத் தொடங்கிய பிறகு எடுத்த இரண்டாவது கணக்கிலேயே அதன் இமை தாள் போல் வெளுத்திருந்தது. எழுதிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் என் தங்கை என் வீட்டில்தான் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். அவளுடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர்; தீபாவளி சீசன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். தங்கை விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் பெண்கள் எல்லாருக்கும் முகமும் கழுத்தும் கையும் வெள்ளிப் பாத்திரம் போல மினுங்கும். எத்தனை தேய்த்தாலும் சீசன் முடியும்வரை அது முழுசாகப் போகாது. அதனால் இந்தப் பக்கத்தில் சீசன் நேரத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்து, ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. மருந்து நெடி என்றாள். எழுதினேன். பாத விரல் இடுக்கில் அரிப்பு என்று மஞ்சள் பூசிக்கொண்டாள். அதையும் எழுதினேன். ஆவணி முதல் வாரத்தில் ஒருநாள் கொல்லைச் சுவரில் மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மாசமாக இருப்பவளுக்கு மண் ருசிக்கும் என்று இருவருமே சிரித்தோம். அன்றைய குறிப்பின் கடைசி வரி: “தங்கை மண் தின்றாள். சிரித்தோம்.” அதே வாரத்தில், செம்மறிப் பத்தியில், “காது பிளந்த ஆடு சுவரை நக்குகிறது” என்றும் எழுதியிருக்கிறேன். ஒரே பேனா, ஒரே மை. இரண்டுக்கும் நடுவில் நான்கு பக்கங்கள்.

புரட்டாசி மூன்றாம் ஞாயிறு. கம்பெனி விடுமுறை. தங்கைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றினேன். முகத்தை இரண்டு முறை கடலை மாவால் தேய்த்தேன். தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடி, பிறகு தெளிந்தது. பவுடர் போய்விட்டது. முகம் மட்டும் வெளுத்தபடியே இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அவள் கீழ் இமையை இழுத்தேன்.

“என்னக்கா இது? நான் என்ன ஓன் ஆடா?” என்று தலையை உதறினாள். “அப்படியே பல்லையும் புடிச்சுப் பாரு. வயசு தெரியும்.”

நான் சிரிக்கவில்லை. பசுவிலும் வெள்ளாட்டிலும் நான் பார்க்காத வெளுப்பு அது. செம்மறியில் பார்த்திருந்தேன்.

மறுநாள் காலை ஒரு சிறு டப்பாவைக் கொடுத்து, கொல்லைக்குப் போகும்போது கொஞ்சம் எடுத்து வா என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஊரு சாணியெல்லாம் தீந்து போச்சா ஒனக்கு?” என்றாள். ஆனாலும் கொடுத்தாள். “ரெண்டு நாள் லீவு போடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன். “ஆர்டரு முடியட்டும்” என்று வேன் ஏறிவிட்டாள்.

மருந்தகத்தில் டாக்டர் இல்லை, பயிற்சிக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு சில்லை வைத்தேன். முதல் பார்வையிலேயே முட்டைகள். மெல்லிய ஓடு, உள்ளே நான்கைந்து உருண்டை. முந்தின வாரம் செம்மறியில் எண்ணியதும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. உடனே வேறு ஒரு எண்ணம் வந்தது: சில்லைச் சரியாகக் கழுவினேனா? இது ஆட்டு முட்டையாக இருந்தால்?

எல்லாக் கண்ணாடியையும் கொதிக்க வைத்தேன். புதிதாக உப்புத் தண்ணீர் கரைத்தேன். மறுபடி பார்த்தேன். இருந்தன. மனிதக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுதான். அப்போதும் நான் எழுந்து போகவில்லை. ஒரு எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்பது கையில் ஊறிப்போயிருந்தது. பசுவுக்கு அப்பால் ஓரத்தில் ஒரு கோட்டை இழுத்து, எண்ணிக்கையை எழுதி, செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று என்று கீழே இரண்டு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தங்கையின் இரண்டாவது கணக்கு. முதல் நாளைவிடக் கூடுதல். அதை எழுதிக்கொண்டிருந்தபோது ஆட்டுக்காரர் பெரியவர் வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு குட்டி. ஈரம் காயவில்லை.

“எண்ணி முடிச்சிட்டீகளா தாயி?”

“நாளைக்குத்தான...”

“இனிமே எண்ண வேண்டாம். விடியக்குள்ள ஈனுச்சு. குட்டி இங்கன இருக்கு. தாய் போயிருச்சு.” அவர் குரலை உயர்த்தவில்லை. “இதுக்குப் பாலு குடுக்க வேற ஆடு பாக்கணும். வாரேன்.”

நான் பேனாவை மூடினேனா என்று நினைவில்லை. அந்தப் பக்கத்தில் மை பரவியிருக்கிறது. நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டினார். “செருப்ப இங்கன கழட்டுங்கம்மா. உள்ள ஒரு கல்லு, ஒரு ஆணி ஒரசுனாப் போதும், தீப் பிடிச்சிரும்.” கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஐம்பது அறுபது சோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. தங்கையின் நீலவார்ச் செருப்பும் இருந்தது. காலையில் இங்கே கழற்றினால் சாயங்காலம்தான் போடுவார்கள். வாட்ச்மேன் மட்டும், கேட்டைத் தாண்டி உள்ளே போகாதவர் என்பதால், டயர்ச் செருப்புப் போட்டிருந்தார்.

“ஒதுங்கப் போயிருக்கு. இப்ப வந்துரும்” என்று பின்பக்கம் கை காட்டினார்.

தண்ணீர்த் தொட்டி வழிந்து ஓடிய இடத்தில் வேலிக்கருவேல முள் அடர்ந்து நிழல் கட்டியிருந்தது. அத்தனை பேருக்கும் அதுதான் மறைவு. நடுவில் ஒற்றையடிப் பாதை. கறுத்த, குளிர்ந்த, ஈர மண். அதில் முழுக்க வெறுங்கால் தடங்கள். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் புழுக்குஞ்சு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று அணைக்கரையைப் பற்றி எழுதியிருந்தேன். செம்மறிக்கு வாய் வழியாகப் போனது இவர்களுக்குப் பாதத்து வழியாகப் போயிருக்கிறது. விரல் இடுக்கில் அரிப்பு.

தங்கை அந்தப் பாதையில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“இங்கன எதுக்கு வந்த? இன்னும் ரெண்டு பெட்டிதான். முடிச்சிட்டு...”

“இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா” என்று அவள் கையைப் பிடித்தேன். போர்மேனும் வந்துவிட்டார். “என்னக்கா, நாளான்னைக்கு லோடு ஏறணும். இப்பப் போயி கூட்டிட்டுப் போறேங்கிறீகளே.”

அவருக்குப் பதில் சொல்ல நான் திரும்பினேன். தங்கை மூன்று அடி வைத்தாள். நான்காவது அடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதட்டின் ஓரம் நீலமாக இருந்தது. போர்மேன் அதற்குப் பிறகு லோடு பற்றிப் பேசவில்லை. அவரே வேனை எடுக்கச் சொன்னார்.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார். கட்டைவிரல்தான், என்னுடையதைப் போலவே. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்து கிராமுக்கும் கீழே என்றார். இந்த நிலையில் பிரசவ வலி எடுத்தால் இதயம் தாங்காது என்றார்.

“எத்தன நாளா இப்படி?”

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. கைப்பையில் எல்லாம் தேதியோடு இருந்தது. மண் தின்ற நாள், அரிப்பு, மூச்சு வாங்கியது. வாசித்தேன். “சிரித்தோம்” என்ற சொல்லையும் சேர்த்து வாசித்துவிட்டேன். டாக்டரம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “இவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்க” என்றார்.

ரத்தம் ஏற்ற வேண்டும், பதிலுக்கு இரண்டு பேர் கொடுக்க வேண்டும். நான் முதலில் கொடுத்தேன். மறுநாள் காலை கம்பெனி வேனில் ஐந்து பெண்கள் வந்திறங்கினார்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, மினுங்கும் முகத்தோடு, நான் முந்தி நீ முந்தி என்று நின்றார்கள். நர்ஸ் ஒவ்வொருத்தியாக விரலில் குத்திப் பார்த்து ஓரமாக உட்காரச் சொன்னார். ஐந்தாவது ஆளும் ஓரத்துக்குப் போனாள்.

“ஏம்மா, ஒங்களுக்கே ஏத்தணும் போலருக்கே. யாரு ஒங்கள அனுப்புனது?”

“நாங்க எல்லாம் ஒரே கம்பெனில்ல” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஒருத்தி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். புழுவைப் பற்றி நான் அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் துணைக்கு வந்திருந்த வாட்ச்மேனுக்குத்தான் ரத்தம் சரியாக இருந்தது. ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலுக்குக் கீழே அவருடைய டயர்ச் செருப்பு கிடந்தது.

தங்கைக்குப் புழு மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கும் பிறகு கிடைத்தது. பின்பக்கக் கதவில் ரப்பர் செருப்பு வைப்பதாகப் போர்மேன் ஒத்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்தபோது நான்கு சோடி இருந்தன. ஐம்பது அறுபது பேருக்கு நான்கு. திரும்பவும் போனேன். மூன்று முறை எண்ணிப் பார்க்கட்டும் என்று காத்திருக்காமல், மறுநாளே போனேன்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்கும் அளவு. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. ஆட்டுக்காரரின் குட்டியும் வேறொரு ஆட்டிடம் பால் குடித்துப் பிழைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவர் அதற்குப் பிறகு எந்த ஆட்டையும் என்னிடம் கொண்டு வரவில்லை.

டாக்டருக்குக் கொடுத்த அறிக்கையில் மூன்று பத்திகள்தான் இருந்தன. நான்காவது இன்னும் நோட்டில் இருக்கிறது, புதன்கிழமைக் கட்டம் காலியாக.

குழந்தை வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, வழக்கம்போலத் தங்கையின் இமையை இழுத்தேன். இளஞ்சிவப்பு. எழுதுவதற்குப் பேனாவைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஊரு ஆட்டையெல்லாம் பாத்த, என்னையும் பாத்த. ரத்தம் குடுத்தவ நீ. ஒன்னத யாரு பாத்தா? காட்டு.”

அவள் விரலில் மஞ்சள் வாசனை அடித்தது. இமையை இழுத்து, வெளிச்சத்துப் பக்கம் என் முகத்தைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். என்ன நிறம் என்று சொல்லவே இல்லை.

“முதல்ல சாப்பிடு” என்றாள். “பெறகு எழுதிக்கலாம்.”