சூப்பர்வைசரின் குகை

கிள்ளானில் டொமினிக்கைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தும் தெரியாததுபோல் போகிறவர்கள்தான் அதிகம். துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தவர். லோரிக்காரர்களைக் குரலாலேயே ஓரங்கட்ட வைப்பார். கம்பெனி கொடுத்த வாக்கி டாக்கி கடைசிவரை பெட்டி பிரிக்காமலே கிடந்ததாகச் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, கைதட்டி, கண் கலங்கி அனுப்பிவைத்தார்கள். கண் கலங்கியது தன்னைப் பிரிகிற துக்கத்தால் என்றுதான் டொமினிக் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

யார்டு போனால் என்ன, வீடு இருக்கிறதே. ஹாலில் டிவிக்கு நேர் எதிரே, ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய சாய்வு நாற்காலி. பழுப்புத் தோல் போட்டது, காலை நீட்டிக்கொள்ளலாம், கைக்கு எட்டுகிற இடத்தில் ரிமோட். அங்கே உட்கார்ந்தால் வாசல், சமையலறை, மாடிப்படி எல்லாம் தெரியும். யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் லைட்டை அணைக்காமல் வந்தார்கள் என்பதெல்லாம் தப்பாது. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

போன கிறிஸ்துமஸில் வந்தது. மகன் திமோத்தியின் மனைவி நடாலி அப்போது நிறைமாதம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கையில் பிரியாணித் தட்டோடு உட்கார இடம் தேடியவளின் கண்ணில் பட்டது அந்த நாற்காலி மட்டும்தான். அத்தனை கூட்டத்தில் அது மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று புதிதாக வந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்துவிட்டாள். பாத்ரூம் போயிருந்த டொமினிக் திரும்பி வந்தார்.

"அது என் எடம். எந்திரி," என்றார், யார்டில் வழி மறித்து நிற்கிற லோரிக்குச் சொல்வதுபோல.

நடாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திமோத்தி கார் சாவியை எடுத்தான். அன்று பூச்சோங்கிலுள்ள தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார்கள். டொமினிக் கோயிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டார். அவர் மனைவி பிலோமினா மட்டும் அடிக்கடி பூச்சோங் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவாள். வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நன்றாகச் சொன்னீர்கள். அதற்குப் பதில் முன்பல்லைப் பிடுங்கித் தரச் சொல்லுங்கள், டொமினிக் யோசிப்பார். மன்னிப்பு வராத இடத்தில் பிரஷர் வந்தது. டாக்டர் மாத்திரையோடு ஒரு யோசனையும் கொடுத்தார். வீட்டில் மீன் வளருங்கள், பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அமைதியாகும் என்றார். பாவம், நல்ல மனிதர், இரண்டு தங்கமீனை நினைத்துச் சொல்லியிருப்பார். டொமினிக்குக்கு நல்ல தண்ணீர் மீன் கௌரவக் குறைவாகப் பட்டது. துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்தவர் இல்லையா, கடல் நீர்த் தொட்டிதான் என்று முடிவு கட்டினார். உப்புக் கலக்க வாளி, உப்பை அளக்கக் கருவி, பவளப்பாறைக் கல், பம்பு, நீல விளக்கு என்று ஜன்னல் பக்கத்துச் சுவரே தொட்டிக்குப் போய்விட்டது.

மீன் கடைக்காரன் குரு தெளிவாகத்தான் சொன்னான். "அங்கிள், இந்த நீல டேம்சல் பாக்கத்தான் சின்னது. சரியான சண்டைக்காரன். சாதுவான மீன முதல்ல விடுங்க, இவன கடைசியா விடுங்க. முதல்ல போனான்னா தொட்டி பூரா என்னோடதும்பான் லா."

"சீனியர்தாம்பா முதல்ல போவணும்," என்றார் டொமினிக். விரல் நீள மீனிடம் என்ன சீனியாரிட்டியைக் கண்டாரோ, நமக்குத் தெரியாது.

நீல மீன் உள்ளே போனதும் கல்லடுக்கின் நடுவில் இருந்த குகையைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் தொட்டி முழுக்கத் தெரியும். கண்ணாடியில் நிழல் விழுந்தால் பாய்ந்து வரும். பாசியைத் துடைக்கக் கை விட்டால் சோறு போடுகிற கையென்றும் பாராமல் கொத்தும். பிலோமினா இரண்டு நாள் பார்த்துவிட்டு அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாள். டொமினிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தம்புசாமி அதைக் கேட்டுவிட்டு, இருமல் வந்தவர்போல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

டிசம்பர் பிறந்ததும் பிலோமினா ஒரு நாள் டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். மறைக்காதே என்று சொல்ல டொமினிக் வாயெடுப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"திமோத்தி கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வரேன்னிருக்கான். நடாலியும் பாப்பாவும் வராங்க. கெஞ்சிக் கூத்தாடிக் கூப்பிட்டிருக்கேன். இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க இனிமே வரமாட்டாங்க. நானும் அவங்களோட பூச்சோங் போயிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க நாற்காலியும் நல்லா இருங்க."

டொமினிக் "ம்" என்றார். ஆனால் மறுநாளே குருவின் கடைக்குப் போய், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கி வந்தார். எதற்கு என்று பிலோமினா கேட்டதற்குச் சும்மா என்றார். சும்மா இல்லை. பேத்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் தூக்கிவைத்து அந்த ஆரஞ்சு மீனைக் காட்ட வேண்டும், குழந்தை சிரிக்க வேண்டும், அதைப் பார்த்து நடாலியும் கொஞ்சம் சிரிக்க வேண்டும். சொல்ல வராத வார்த்தையை மீன் சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. வேடிக்கையான கணக்குத்தான், ஆனால் அந்த மனிதர் உண்மையிலேயே ஏங்கிப்போயிருந்தார்.

சூப்பர்வைசருக்கு இந்தக் குடும்ப விவகாரமெல்லாம் தெரியுமா? புதிய ஜோடி தண்ணீரில் இறங்கிய நிமிஷமே துரத்த ஆரம்பித்தது. சாப்பாடு போட்டால் நெருங்க விடவில்லை. கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினாலும் விடவில்லை. மறுநாள் காலையில் பெண் மீனின் வால் கந்தலாகிக் கிடந்தது. இரண்டும் மேல் மூலையில், பம்பு ஓரமாக, வாடகை பாக்கி வைத்தவர்கள்போல ஒண்டிக்கொண்டிருந்தன.

"ஏன்டா, இவ்ளோ பெரிய எடம் இருக்கு. வந்தவங்கள நிம்மதியா இருக்க விடமாட்டியா? உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று டொமினிக் கண்ணாடியில் தட்டிக் கத்தினார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரச் சொல்றீங்க?" என்று பிலோமினா கேட்டாள்.

"மீனத்தான்."

"ஓ," என்றாள் அவள். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

டொமினிக் விடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பிலோமினாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டிவைத்தார். வேறொரு நீல மீன் வந்துவிட்டதாக நினைத்துச் சூப்பர்வைசர் நாள் முழுக்கத் தன் முகத்தோடு தானே மல்லுக்கட்டியது. "தன் மூஞ்சியப் பாத்தே இவ்ளோ கோவம் வருதா அவனுக்கு?" என்றாள் பிலோமினா. கண்ணாடியை எடுத்ததும் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. பிறகு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அதை அடைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிட்டார். அந்த நாட்களில் ஜோடி மீன்கள் கொஞ்சம் நடமாடின, கொஞ்சம் சாப்பிட்டன. திறந்துவிட்டதும் சூப்பர்வைசர் நேராகக் குகைக்குப் போய், அங்கே படுத்திருந்த ஜோடியை வெளியே விரட்டியது.

பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு குருவின் கடைக்கு ஓடினார். குரு தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"ஜெயிலுக்குப் போனா மட்டும் பத்தாது அங்கிள். வெளிய வந்து பாத்தா அவன் வீடு அப்படியே இருக்குல்ல? கல்லையெல்லாம் கலைச்சு எடம் மாத்துங்க. அப்ப எது யாரோட எடம்னு அவனுக்கே தெரியாது. எல்லாரும் புது ஆளுதான். சாப்பாட்டையும் ரெண்டு பக்கமா பிரிச்சுப் போடுங்க."

அன்று சாயங்காலமே டொமினிக் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போட்டார். குகை இருந்த இடத்தை வெறும் மணலாக்கி, வலது பக்கம் ஒரு குவியல், இடது பக்கம் ஒரு குவியல் என்று புதிதாக அடுக்கினார். சூப்பர்வைசர் தன் குகை இருந்த இடத்துக்கு வந்து நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. இப்படிப் போனது, அப்படி வந்தது. யாரைத் துரத்துவது, எங்கிருந்து துரத்துவது என்று ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒரு கல்லின் நிழலில் போய்ப் பேசாமல் நின்றது. ஜோடி மீன்கள் மெல்ல மூலையை விட்டு வெளியே வந்தன.

"பிலோ! இங்க வா, பாரு!" டொமினிக் குதிக்காத குறை. "இது என் எடம்ங்கற திமிருதான் அவனுக்கு. எடத்த மாத்துனோம், திமிரு போச்சு. அவ்ளோதான் மேட்டரு."

பிலோமினா மீனையும் பார்த்தாள், நாற்காலியையும் பார்த்தாள்.

"பாவம், அவனுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"ஒரு நாள் முழிப்பான். அப்புறம் பழகிக்குவான்."

"அப்ப சரி," என்றாள் பிலோமினா.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும், ஐஸ் வாங்க வேண்டும் என்று அவரை அனுப்பினாள். பக்கத்துக் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. ஒன்றிரண்டு இடம் அலைந்து, ஐஸ் மூட்டையோடு அவர் திரும்பியபோது வாசலில் திமோத்தியின் கார் நின்றது. இவர் வீட்டிலிருந்து வெளியே வந்த தம்புசாமி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, அவரை நேராகப் பார்க்காமல் தன் வீட்டுக்கு நழுவினார்.

டொமினிக் உள்ளே வந்தார். அவருடைய நாற்காலி இருந்த இடத்தில் வெறும் தரை. டிவி எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. டிவி இருந்த இடத்தில் கிறிஸ்துமஸ் மரமும் குடிலும். சோபா திரும்பியிருந்தது. கால் தன்னிச்சையாகப் பழைய இடத்துக்குப் போய் நின்றது. இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். ஜன்னல் ஓரம், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இருந்தது. அதன் அருகில் நடாலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கை வலித்திருக்கும், ஆனாலும் உட்காரவில்லை. போன வருஷத்தை அவள் மறக்கவில்லை. திமோத்தி சற்றுத் தள்ளி நின்றான். கார் சாவி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

டொமினிக்கின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். யார்டில் பழகின குரல் தொண்டைவரை வந்துவிட்டது.

சமையலறை வாசலில் நின்ற பிலோமினா, "ஒரு நாள் முழிப்பான். அப்புறம் பழகிக்குவான்," என்றாள், சத்தமில்லாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். இத்தனை நாளாக அந்த மீனைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவமானமாக இருந்தது. ஐஸ் உருகி, தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா நடாலி," என்றார். "அங்கதான் நல்லா இருக்கும். பாப்பாவுக்கு மீனு பக்கத்துல தெரியும். போன தடவ நான்… அப்படி சொல்லியிருக்கக் கூடாதும்மா."

நடாலி திமோத்தியைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆரஞ்சு மீன்கள் இரண்டும் கண்ணாடி ஓரம் வந்தன. குழந்தை இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டியது.

"நான் எங்க உக்காரட்டும், பிலோ?"

அந்த வீட்டில் டொமினிக் இந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிலோமினா ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். ஐஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே அவர் அதில் உட்கார்ந்தார். திமோத்தி வந்து, "குடுங்க டேடி," என்று மூட்டையை வாங்கிக்கொண்டான். இரண்டு கையும் தேவைப்பட்டதால் கார் சாவியை மேசைமேல் வைத்தான்.

நடாலி கல்லின் நிழலைக் காட்டினாள். "மாமா, அந்த நீல மீனுக்கு என்ன பேரு?"

டொமினிக் பிலோமினாவைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பர்வைசர்," என்றார். "இப்பத்தாம்மா ரிட்டயர் ஆயிருக்கான்."