பாதி ஆளின் கை

என் மாமாவின் கட்டிலுக்கு அடியில் ஓர் ஆள் இருந்தார். முழு ஆள் இல்லை, பாதி ஆள். ஒரு மண்டையோடு, ஒரு கை, ஒரு கால், ஒரு பக்கத்து விலா எலும்புகள். எல்லாம் ஒரு மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே அடுக்கியிருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது புத்தகப் பெட்டி. வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிராங்கூன் சாலையை ஒட்டி, மாட்டுக் கொட்டகை வாடை வீசும் ஒரு சந்தில் கடைவீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அந்தக் கிராணிச் சம்பளத்தில்தான் மாமா புதிதாகத் தொடங்கிய டாக்டர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். முதலில் அது பெண் பைத்தியங்களை வைத்திருந்த கட்டடமாம். "பழைய பைத்தியங்களை அனுப்பிட்டுப் புதுசாச் சேர்த்திருக்கானுங்க" என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். மாமா சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். சாப்பாடு போடுகிறவர் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தப் பள்ளியைப் பற்றி மாமா வாய் ஓயாமல் பேசுவார். பினாங்கிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சீனர்கள், யாழ்ப்பாணத்தார், வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரர்கள், நம்மவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சியில். சட்டைக்காரப் பெண்கள்கூட இருந்தார்களாம். அதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். பூதக்கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள், சனிக்கிழமை பந்து விளையாடி முட்டியைப் பெயர்த்துக்கொள்வார்கள், ஒரு ரிக்‌ஷாவில் மூன்று பேர் ஏறி ரிக்‌ஷாக்காரரிடம் திட்டு வாங்குவார்கள். வருஷத்துக்கு ஒரு புது அறை எழும்பியது. பிறகு அது கல்லூரியாகி, பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்துவிட்டது. இன்று பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கிறார்கள். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எலும்புப் பெட்டி கொடுப்பார்கள். வீட்டில் வைத்துப் படிக்க வேண்டும். பரீட்சைக்கு முன்னால் ஒரு துண்டு குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். மந்திரவாதிகள் காசு கொடுத்து எலும்பு வாங்குவதாக ஊரில் பேச்சு இருந்ததால் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். ஒன்று குறைந்தாலும் அந்த வருஷம் பரீட்சை கிடையாது.

பெட்டியை நான் திறந்து பார்த்துவிட்ட அன்று, மாமா என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அது எங்கள் விளையாட்டாயிற்று. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டுவார். நான் ஓர் எலும்பை எடுத்து வைப்பேன். தடவிப் பார்த்து அதன் பெயர், எந்தப் பக்கம், எந்த மேடு எந்தப் பள்ளம் என்று ஒப்பிப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை. மணிக்கட்டுக்குக் கீழே நரம்புக் கயிற்றில் ஒன்றாகக் கோத்திருந்த கையை வைத்தால் மட்டும் பெயர் சொல்ல மாட்டார். அந்த ஆளின் சுண்டுவிரல் எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. அதைத் தொட்டதும், "வாங்க ஐயா, சௌக்கியமா?" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் கூட்டாளி ஒருவர் படிக்க வருவார். அதே வகுப்பு. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அவருடைய வாப்பா இங்கே துணிக்கடை வைத்திருந்தார். எனக்குக் காகிதத்தில் பேரீச்சம்பழம் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்.

"இந்தா புள்ள, உன் மாமாவை நல்லாப் படிக்கச் சொல்லு" என்பார். "நான் தோத்தா எனக்கு வாப்பா கடை இருக்கு. இவன் தோத்தா உங்கப்பா ஊருக்கே கப்பல் ஏத்திடுவாரு."

கேலிதான். ஆனால் இரண்டும் உண்மை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை தவறினால் கல்லாவில் வந்து உட்கார வேண்டும் என்று அவருடைய வாப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் தாத்தாவின் திதி வந்தது. எள்ளும் சோறும் பிசைந்துகொண்டே அம்மா சொன்னாள்: "எலும்பு தண்ணியில சேர்ந்தாத்தான் போன உசிருக்கு வழி. இல்லேன்னா வீட்டையே சுத்திக்கிட்டுக் கிடக்கும்." எனக்குக் கட்டிலுக்கு அடியில் கிடந்தவர் ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் என் கைக்குழந்தைத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் இறங்கவில்லை. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். யார் சுற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் மாமாவுக்குக் கப்பல். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான்.

பெட்டியைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. யோசித்தேன். கையை மட்டும் நனைத்தால் போதும், மிச்சத்தை அவரே குளித்துக்கொள்வார். இவ்வளவுதான் என் மூளை! பாவாடைக்குள் கையை மறைத்து, அடுப்படியில் கிடந்த எள்ளையும் ஒரு கைப்பிடிச் சோற்றையும் எடுத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் ரோச்சோர் கால்வாய்க்கு ஓடினேன். "ஐயா, போய்ட்டு வாங்க" என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன். போய்ட்டு வரச் சொல்லக் கூடாது என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலமே தம்பிக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் பள்ளியில் படிக்காமலே வைத்தியம் பார்த்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பத்து நாள் மாமா பெட்டியைத் திறக்காமல் புத்தகத்திலேயே கிடந்தார்; திருப்பிக் கொடுக்கும் வேளை வந்ததும் வைக்கோலைக் கொட்டித் தேடினார். கை மட்டும் இல்லை.

"பாப்பா, கையை நீ எடுத்தியா? உண்மையைச் சொல்லு, மாமா அடிக்க மாட்டேன்."

சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா செருமிக்கொண்டே மாடிப்படி ஏறிவந்தார். "நான் எடுக்கல மாமா. உங்க கூட்டாளிதான் பையில போட்டுக்கிட்டாரு. நான் பாத்தேன்" என்றேன். ஏன் அவர் பெயர் வந்தது? அங்கே அவர் இல்லை, அதனால் வந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வந்தார். பொட்டலத்தை என்னிடம் நீட்டும்போதே மாமா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தித் திட்ட ஆரம்பித்தார். "திருட்டுப் பயலே, என் பொழப்பைக் கெடுக்கத்தான் வீட்டுக்குள்ள வந்தியா? என் அக்கா மக கண்ணால பாத்திருக்கா."

கூட்டாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுது உண்மையைக் கக்கியிருப்பேன். அவர் கோபமாகப் பார்க்கவில்லை. என் கையில் பேரீச்சம்பழம் பிசுபிசுத்தது.

"ஆமா மாப்ளே," என்றார். "நான்தான் எடுத்துட்டுப் போனேன். படிக்கத்தான். நாளைக்குக் கொண்டாறேன்."

மறுநாள் கைக்குட்டையில் சுற்றி ஒரு கையைக் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் உட்காரவில்லை. மாமா கைக்குட்டையைப் பிரித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். எலும்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. சுண்டுவிரல் குச்சிபோல் நேராக இருந்தது. மாமா அதைப் பெட்டியில் வைத்து மூடினார். நானே கண்டுபிடித்ததை இவ்வளவு படித்த மாமா கண்டுபிடிக்கவில்லையே என்று எனக்குள் சிரிப்புகூட வந்தது.

மாமா பரீட்சை எழுதித் தேறினார். கூட்டாளியின் பெட்டியில் ஒரு கை குறைந்ததால் அவரைப் பரீட்சைக்கு விடவில்லை. மறுவருஷம் அவர் பள்ளிக்குப் போகவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா என்னை அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் சீட்டித்துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தார். "உன் மாமா நல்லாப் படிக்கிறாரா புள்ள?" என்று கேட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினார். நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். "என்னடி வெட்கம்?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

மாமா பெரிய டாக்டரானார், ஊரில் நல்ல பெயர். என்னோடு அதற்கப்புறம் விளையாடியதே இல்லை. என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்று பல வருஷம் நான் குறுகிப்போய்க் கிடந்தேன். அதுவும் இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்த ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டுவிட்டேன். பெட்டியில் வைக்கும் முன்னால் மாமா அந்தக் கையை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை இறுக மூடி, சுண்டுவிரலை அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தடவினார். "வாங்க ஐயா" என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டதால்தான் அவருக்குத் தெரியாமல் போயிற்று என்று அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.