பெரியப்பாவைப் பார்க்க ரூம் எடுத்த கதை

கோபம் எங்கே ஆரம்பித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மெல்பர்னில் வேலை பார்க்கிறேன். என் ஆபீஸ் தோழி நோரா அயர்லாந்து வம்சம். அவளுடைய முன்னோர் ஒருவர் அங்கே ஒரு செம்மறி ஆட்டைத் திருடி மாட்டிக்கொண்டு, கைதியாகக் கப்பலேறி டாஸ்மேனியாவுக்கு வந்தவர். போன டிசம்பர் லீவில் அவரை அடைத்து வைத்திருந்த பழைய சிறையைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனாள். மனுஷனுடைய பெயர், உயரம், கண்ணின் நிறம், முழங்கையில் இருந்த தழும்பு வரை எழுதிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். குற்றம்: ஆடு திருடியது. நோரா அதைப் படித்துவிட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "உங்கள் ஆட்களைப் பற்றியும் இப்படி எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்கள் ஆடும் திருடவில்லை, கோழியும் திருடவில்லை. பஞ்சம் பிழைக்க இலங்கையில் கண்டிச் சீமைக்குப் போய், காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் போட்டார்கள். கடைசியில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல் பிரித்தன. அப்பா பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். கல்யாணமாகியிருந்த அண்ணன் மாரிமுத்து, பெண்டாட்டி வீட்டாரோடு இலங்கையிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பெரியப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. அப்பாவுக்கு இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், பயணமெல்லாம் நடக்காத காரியம். "அண்ணன் தலைமாட்டுல ஒரு கற்பூரம் ஏத்திட்டு எனக்குப் போன்ல காட்டுடா, போதும்" என்றார். அதற்காகத்தான் ஜனவரியில் இந்தப் பயணம்.

கொழும்பு கோட்டையில் காலை ஐந்தரைக்குப் பதுளை பஸ் பிடித்தேன். பலாங்கொடை வரை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். இரத்தினபுரியில் கால் மணி நேரம் நிற்கும். இறங்கி ஒரு பிளேன்டீ குடிக்கலாம். இரத்தினக்கல் வியாபாரிகள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுவார்கள், எனக்குக் கல்லும் தெரியாது கண்ணாடியும் தெரியாது, அதனால் தப்பித்தேன். ஓப்பநாயக்க தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை. பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு 14 கிலோமீட்டர், ஆட்டோ 2,500 ரூபாய். "ஹோட்டலுக்கா தம்பி?" என்றார் டிரைவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "லயத்துக்கு டூரிஸ்ட் யாரும் போறல்லையே" என்றார். நான் டூரிஸ்ட் இல்லை என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன், பாவம் அவர்.

பெரியப்பா மகள் செல்வி அக்காவை அன்றைக்குத்தான் முதல்முறை நேரில் பார்க்கிறேன். அப்பாவின் மூக்கு அப்படியே இருக்கிறது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கற்பூரத்தை எடுத்துக் காட்டி, மயானத்துக்கு எப்போது போகலாம் என்றேன்.

"அங்கிட்டு போக முடியாதுங்க தம்பி. தொர பங்களாவ ஹோட்டலாக்கிட்டாங்க. மயானத்துக்குப் போற பாத அது வழியாத்தான. கேட்ட சாத்தி மூணு வருசமாச்சு. மத்தப் பக்கமெல்லாம் கம்பி வேலி."

"கேட்டுப் பார்க்கலையா?"

"கேக்காமலா? இன்னைக்கி வா, நாளைக்கி வான்னு அலைய விட்டாங்க. அப்பறம் உள்ள போகணும்னா ரூம் எடுக்கணும்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் விட்டுட்டேன். எங்கப்பாவுக்கு ஒரு வெளக்கு வைக்க நாதியில்லாமப் போச்சு."

எனக்கு உச்சி மண்டை கொதித்தது. அங்கேயே போனை எடுத்தேன். ஒரு இரவு 34,000 ரூபாய், இரண்டு பேர். அக்காவுக்கு மாதம் முழுக்க வேலை இருந்தால் கையில் வருவது கிட்டத்தட்ட இதே தொகைதான். "பைத்தியமா தம்பி ஒங்களுக்கு?" என்று அக்கா போனைப் பிடுங்க வந்தார். அதற்குள் அமுக்கிவிட்டேன். சேலை மாற்றிக்கொண்டு வாருங்கள் அக்கா, நீங்கள் கெஸ்ட் என்றேன்.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி அக்காவின் லயத்துப் பையன். புக்கிங்கைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். உள்ளே வரவேற்றவளும் லயத்துப் பெண்தான். ஈரத் துண்டையும் ஏதோ ஒரு ஜூஸையும் தட்டில் நீட்டி, "எடுத்துக்கங்க பெரியம்மா, சும்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "என்னாடி இது, மூஞ்சி தொடைக்கவா? நான் குளிச்சிட்டுத்தாண்டி வாறேன்" என்றார் அக்கா. மூன்று பேருமே சிரித்துவிட்டோம். சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பங்களாவுக்குப் பின்னால் 'பாரம்பரிய நடை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மேனேஜரே கூட்டிப்போனார். முடிவில் வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய கல்லறை. சங்கிலி வேலி, கழுவி விட்ட பளிங்கு, பூந்தொட்டி, மூன்று பாஷையில் பலகை. அந்தத் துரைக்குக் குதிரை பிடிக்குமாம், அதுகூட எழுதியிருக்கிறது. பக்கத்தில் வழுவழுவென்று ஒரு புல்வெளி, அதில் மலையைப் பார்த்தாற்போல் இரண்டு சாய்வு நாற்காலிகள்.

அக்கா அந்தப் புல்வெளியைக் காட்டினார். அதுதான் மயானம். தோட்டத்து ஆட்கள் சிமெண்டில் கல்லறை கட்டக்கூடாது என்று நிர்வாகம் சொல்லியிருந்ததால் மண்ணைக் குவித்துத் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி வைப்பார்களாம். மேடுகளைச் சமப்படுத்திப் புல்லைப் பதித்துவிட்டார்கள். ஒரு செடி மிச்சமில்லை. ஓரத்துப் பலா மரத்தை மட்டும் வெட்டவில்லை. அக்கா அதன் அடியில் நின்று தூரத்தைக் கணக்குப் பண்ணினார், அப்புறம் விறுவிறுவென்று போய் இடது பக்க நாற்காலியை இழுத்து அப்பால் தள்ளினார்.

"எங்கப்பா நெஞ்சு மேல போட்டுருக்கானுக தம்பி!"

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புல்லில் உட்கார்ந்து கற்பூரத்தைக் கொளுத்தினார். மேனேஜர் ஓடி வந்து, "மேடம், புல்வெளியில் நெருப்பு வைக்கக்கூடாது" என்றார். ராத்திரி இதே புல்லில் அடுப்பு வைத்துக் கோழி சுட்டுத் தருவதாக உங்கள் பலகையிலேயே போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அது கெஸ்ட்டுக்காக என்றார். இவங்களும் கெஸ்ட்தான்யா, காசு கட்டின கெஸ்ட் என்று நான் கத்தின கத்தலில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் ஒதுங்கிப் போனார். அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர்தான், ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கற்பூரம் எரிவதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தலைமாட்டுல குரோட்டன் வச்சிருக்கீங்களாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"புல்லு வச்சிருக்கோம் சித்தப்பா. நல்லா பச்சையா இருக்கு."

அப்பா தலையை ஆட்டி ஆட்டி அழுதார். அக்கா ராத்திரி தங்க ஒப்பவில்லை. நானும் லயத்திலேயே படுத்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில் அட்டைக்கடிக்குத் தயாராகப் போங்கள். பலாங்கொடை டவுனிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மேலே கடை கிடையாது. உங்கள் குடும்பமும் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பமாக இருந்தால் தோட்டத்து ஆபீஸில் போய் விசாரித்து நேரத்தை வீணாக்காதீர்கள், நேராக லயத்துக்குப் போங்கள். வழியில் இப்படி ஒரு ஹோட்டல் மறித்து நின்றால், இரண்டு பேருக்கு ரூம் எடுங்கள். கூட வருகிறவர் லயத்து ஆளாக இருக்கட்டும். ஹோட்டல் பெயரைக் கேட்காதீர்கள், நான் விளம்பரம் செய்வதாக இல்லை.

ஊர் திரும்பியதும், எங்கள் உபசரிப்பு எப்படி என்று இணையப் பக்கத்தில் எழுதுங்கள் என ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நோராவின் ஆடு திருடியவர் ஞாபகம் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தில் எழுதினேன்:

பெயர் மாரிமுத்து. மகளைவிட இரண்டு விரல் உயரம். இடது கட்டைவிரலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு. சிரித்தால் ஒரு கண் மூடிக்கொள்ளும். குற்றம் எதுவும் இல்லை. இருக்குமிடம், உங்கள் புல்வெளியில் இடது பக்க நாற்காலிக்கு அடியில்.

இரண்டே நாளில் நான் எழுதியதைப் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.